சுகம் என்று எழுதிய ஏழு நாள்

எங்கள் கணினியில் அவருக்குப் பெயர் கிடையாது. 014 என்ற எண் மட்டும்தான். தடுப்பூசி ஆராய்ச்சியில் சேருகிறவர் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம். அதனால் இதை எழுத உட்காரும் முன்னால் அவரிடமே போய்க் கேட்டேன். "எழுது மக்கா. செல்லபாய்னு முழுசா எழுது, பாதியில நிறுத்தாண்டாம்" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

செல்லபாய்க்கு வயது அறுபத்தொன்று. வீடு திருவட்டாறுக்கு மேற்கே, பஸ்ஸை விட்டு இறங்கி ரப்பர் மரங்களுக்கு நடுவே கால் மணி நேரம் நடக்க வேண்டும். கணவர் ஜான்ரோஸ் அறுபத்தெட்டு வயதுக்காரர், ரப்பர் பால் வெட்டியே காலம் கழித்தவர். நான்கு வருஷம் முன்பு அவர் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். பிள்ளைகள் இருவரும் வெளியூரில். செல்லபாய் ஊர்க் கிறிஸ்தவ சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் செயலாளர். வாழ்நாளில் அவருக்கு இருந்த ஒரே உத்தியோகம் அண்டி ஆபீஸ். முந்திரிக் கொட்டை உடைக்கும் ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பதிமூன்று வயதில் போனவர் நாற்பத்தைந்தில்தான் வெளியே வந்தார்.

என் பெயர் ஷைஜா. நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் ஒருங்கிணைப்பாளர். நர்ஸ் படித்து, ரியாத்தில் ஒன்பது வருஷம் நின்று, கால் வீங்கித் திரும்பி வந்தவள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். மூக்கு முழுக்கவே கோபம்தான், மறைப்பானேன்.

எங்கள் வேலை இதுதான். கொரோனாவும் ஃப்ளூவும் வருஷா வருஷம் வேஷம் மாற்றிக்கொண்டு வருகின்றன. அதற்கேற்ப ஊசியையும் மாற்ற வேண்டியிருக்கிறது. மாற்றிய ஊசியை முதலில் கொஞ்சம் பேருக்குப் போட்டு, அவர்கள் உடம்பு என்ன சொல்கிறது என்று கவனித்து எழுதாமல் ஊருக்குப் போட முடியாது. இந்த முறை முதலில் ஐம்பதிலிருந்து அறுபத்துநாலு வயது வரை உள்ளவர்களுக்குப் போடுவது. அவர்கள் ஏழு நாள் எழுதித் தருகிற அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் அறுபத்தைந்துக்கு மேற்பட்டவர்களுக்குத் தொடங்குவது. அட்டை பெரிய கம்ப சூத்திரம் ஒன்றும் இல்லை. தினமும் சாயங்காலம் காய்ச்சல் எவ்வளவு, கையில் வலி உண்டா, வீக்கம் உண்டா, சிவப்பு எத்தனை சென்டிமீட்டர், தலைவலி, உடம்பு வலி. தெர்மாமீட்டரும் ஸ்கேலும் நாங்களே கொடுத்துவிடுவோம்.

இந்த மாதிரிக் காரியத்துக்கு ஆள் பிடிப்பது லேசு இல்லை. "நாங்க என்ன எலியா?" என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். செல்லபாய் கேட்கவில்லை. பதினான்கு பக்கச் சம்மதப் படிவத்தை சபையில் வேத பாடம் வாசிப்பதுபோல் ஒரு வரி விடாமல் உரக்க வாசித்தார். அதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. பக்கத்து அறையில் அடுத்த ஆள் காத்திருக்க, நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதுல எனக்கு ஏதாவது ஆயிப்போச்சுன்னா, எனக்க ஆளுட்ட யாரு வந்து சொல்லுவா?"

அவர் கணவரிடம் சொல்ல நான்தான் வர வேண்டியிருக்கும் என்றேன்.

"அப்ப சரி. மூஞ்சி தெரிஞ்ச ஆளு" என்று கையெழுத்துப் போட்டார்.

ஏன் சேருகிறீர்கள் என்று கேட்க வேண்டியது என் கடமை. அவர் சொன்ன பதிலை இன்றுவரை வேறு யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கொரோனாக் காலத்தில் சபைப் பள்ளிக்கூடத்தில் வைத்து அவருக்கு ஊசி போட்டார்களாம். அதற்கு முன்னால் எங்கேயோ முகம் தெரியாத யாரோ கையை நீட்டிப் பார்த்திருக்க வேண்டுமே, இல்லாவிட்டால் தனக்கு அது வந்திருக்காதே, அந்த முறை இப்போது தனக்கு வந்திருக்கிறது என்றார். அவ்வளவுதான். சங்கத்திலிருந்து இன்னும் எட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஒன்பது பேருக்கும் ஒரு வெள்ளிக்கிழமை ஊசி போட்டோம். இடையில் இரண்டு தடவை போன் செய்து விசாரித்தேன். ஒன்பது பேரும் சுகமாம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

சந்தோஷம் அடுத்த வெள்ளியோடு போயிற்று. ஒன்பது பேரும் அட்டையோடு வந்தார்கள். அட்டைகளை மேசையில் பரப்பினேன். ஒவ்வொன்றிலும் ஏழு நாளுக்கும் ஒரே வாசகம். "கர்த்தர் கிருபையால் சுகம்." காய்ச்சல் கட்டத்திலும் அதுதான், வலிக் கட்டத்திலும் அதுதான். சிவப்பு எத்தனை சென்டிமீட்டர் என்ற இடத்திலும் ஒருத்தி "சுகம்" என்று எழுதியிருந்தாள். தெர்மாமீட்டரை உறைகூடப் பிரிக்காமல் ஒருத்தி பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாள்.

செல்லபாய்க்கு இரத்தம் எடுக்க இடது கையை நீட்டச் சொன்னேன். பழுப்பு நிற ஜாக்கெட். கையின் தையல் நாலு விரல் நீளத்துக்குப் பிரித்துவிடப்பட்டு, வெள்ளை நூலால் மறுபடி தைக்கப்பட்டிருந்தது. கை வீங்கினால் ஒழிய எந்தப் பெண்ணும் நல்ல ஜாக்கெட்டைப் பிரிக்க மாட்டாள். இது என்ன என்று கேட்டேன். பழைய சட்டை, இறுக்கிப் பிடிச்சுது என்றார். கையில் வேதனை இருந்ததா என்றேன். முகம் மாறாமல் "சுகம்" என்றார்.

அன்று மாலை, ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டர் அட்டைகளைப் பார்த்தார். மற்ற ஊர்க்காரர்களில் பத்துக்கு ஏழு பேருக்குக் கை வலித்திருக்கிறது. இந்த ஒன்பது பேருக்கு மட்டும் ஒரு கொசு கடித்ததுபோல்கூட இல்லை. ஒன்று, நம் ஃபிரிட்ஜ் கெட்டு மருந்து வீணாகியிருக்க வேண்டும், இல்லையென்றால் அட்டை பொய் என்றார். ஃபிரிட்ஜின் பதிவை எடுத்துக் காட்டினேன், ஒரு நிமிஷம்கூடப் பிசகவில்லை. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமைக்குள் உண்மையைக் கொண்டு வா, இல்லாவிட்டால் ஒன்பது பேரையும் நீக்கிவிடலாம் என்று எழுந்து போய்விட்டார். திங்கட்கிழமை மூத்தவர்களுக்கு ஊசி தொடங்குகிறது. அந்தப் பட்டியலில் முதல் பக்கத்தில் ஜான்ரோஸ் பெயர் இருந்தது. மனைவிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்டு அவராகவே வந்து பதிந்த பெயர்.

சனிக்கிழமை காலையிலேயே பஸ் ஏறினேன். போகிற வழி முழுக்க எனக்குள்ளேயே திட்டிக்கொண்டு போனேன். படிவத்தை உரக்க வாசிக்கத் தெரிகிறது, கட்டத்தில் ஒரு எண்ணை எழுதத் தெரியவில்லையா. சாரல் வேறு. செருப்பு சேற்றில் பதிந்து ஒரு வார் அறுந்தது. அதையும் செல்லபாய் கணக்கில்தான் சேர்த்தேன்.

வாசலில் ஜான்ரோஸ் மாமா முகம் வழித்து, திங்கட்கிழமைக்கான சட்டையைத் தேய்த்து நாற்காலியில் விரித்து வைத்திருந்தார். என்னைக் கண்டதும் வாயெல்லாம் பல். மருத்துவர்களெல்லாம் தன் இருதயத்தைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள், ஆனால் தன் பெண்டாட்டிக்கே ஒன்றும் ஆகவில்லை, தனக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று பெருமையாகச் சொன்னார். அடுக்களையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் அந்த நேரம் நின்றது.

நான் நேரே அடுக்களைக்குள் போனேன். செல்லபாய் மாமி மரச்சீனிக் கிழங்கு நறுக்க உட்கார்ந்தார். எதிரில் நானும் தரையில் உட்கார்ந்தேன். கோபத்தோடுதான் தொடங்கினேன். ஆனால் சொல்லச் சொல்லக் கோபம் வற்றிவிட்டது. எட்டுப் பெண்களும் உங்களைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்றேன். நீக்கினால் நீக்கட்டும், அதை விடுங்கள் என்றேன். கடைசியாக இதைச் சொன்னேன்.

"உங்க அட்டையை நம்பித்தான் மாமி, திங்கக்கிழமை மாமாவுக்குப் போடப் போறோம்."

கத்தி நின்றது. மாமி எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, சுவரில் ஆணியில் தொங்கிய சபைக் காலண்டரை எடுத்து என் மடியில் வைத்தார். தேதிக் கட்டங்களில் பென்சிலால் பொடி எழுத்து. ரப்பர் ஷீட் எத்தனை, பால்காரன் வராத நாள், சங்கக் கூட்டம். ஊசி போட்ட வெள்ளிக்குக் கீழே 100.6. சனி 102.4. ஞாயிறு 102.2. "ஆராதனைக்குப் போவல்ல." திங்கள் 101. "சட்டைக் கை பிரிச்சது." செவ்வாய் 99.4. புதன் முதல் வெறும் கட்டம்.

தெர்மாமீட்டரை ஒழுங்காகத்தான் வைத்திருக்கிறார். ஒரு நாள் தப்பாமல் எழுதியும் இருக்கிறார். வீட்டுச் சுவரில் உண்மை, எங்கள் அட்டையில் சுகம். ஏன் மாமி இப்படி என்று கேட்டேன். இந்தக் கேள்வியில் கோபம் இல்லை, சத்தியமாக.

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "அண்டி ஆபீஸ்ல வருஷத்துக்கு ஒருக்கா ஒரு ஆபீசர் வருவாரு மக்கா. கடலாசும் பேனாவும் வச்சுக்கிட்டு, கை எப்பிடி இருக்குன்னு கேப்பாரு. மேஸ்திரி பொறத்தால நிப்பான். நாப்பது பேரும் வரிசையா நின்னு, சுகம் சார், சுகம் சார்ம்போம். எரியுதுன்னு ஒருத்தி சொன்னா. மறுநாள் அவளுக்கு உடைக்க அண்டி இல்ல, கூலியும் இல்ல. கடலாசோட வந்து கேக்குதவங்ககிட்ட சுகம்னுதான் சொல்லணும்னு அப்பமே படிச்சாச்சு. அது கள்ளம்னு எனக்குத் தோணவே இல்ல, கேட்டியா."

கொட்டையைச் சுட்டு, மரக்கட்டையால் தல்லி உடைக்கும்போது ஓட்டிலிருந்து ஒரு கறுத்த எண்ணெய் கசியும். தோலில் பட்டால் பொசுக்கும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் வேலை செய்வார்கள். சாம்பல் எத்தனை நேரம் தாங்கும். அப்படி முப்பத்திரண்டு வருஷம் உடைத்த கை அவருடையது. ரேஷன் கடை எந்திரத்தில் அவர் விரல் ரேகை பதியாது, ஒவ்வொரு மாதமும் கடைக்காரர் பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்குவார். இதெல்லாம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சேரும்போது நானே பேனாவை வைத்துக்கொண்டு, உடம்பில் ஏதாவது தொந்தரவு உண்டா என்று அவரிடம் கேட்டவள். ஒன்றும் இல்லை, சுகம் என்று சொல்ல, நானும் "இல்லை" என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனவள்.

அடுக்களை வாசலில் ஜான்ரோஸ் மாமா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ. என் மடியிலிருந்த காலண்டரை எடுத்து, கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து வாசித்தார். தன் ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நூத்திரெண்டரை" என்றார். "எனக்க பக்கத்துல கிடந்துக்கிட்டு. நான் ரெண்டு தடவ கேட்டேனே, சுகமாடீன்னு. நானும் கடலாசோடயா வந்தேன்?"

மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். எனக்கு அங்கே இருப்பதா எழுந்து போவதா என்று தெரியவில்லை. மாமாவுக்குக் கோபம்தான், ஆனால் அது கோபம் மட்டும் இல்லை. நாற்பது வருஷமாகத் தன்னிடமும் அந்த ஆபீசரிடம் சொன்ன பதிலைத்தான் சொல்லியிருக்கிறாளோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. கடைசியில் மாமிதான் பேசினார். "ஒங்க நெஞ்சு தாங்காதுன்னு நெனச்சேன். சொன்னா ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிச்சு ஓடுவிய." மாமா காலண்டரைத் திரும்ப என்னிடம் தந்துவிட்டு, நாற்காலியில் விரித்திருந்த சட்டையை மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

அட்டையைத் திருத்துவதற்கு ஒரு முறை உண்டு. ஒயிட்னர் வைக்கக் கூடாது, கிறுக்கி அழிக்கக் கூடாது. தப்பாக எழுதியதன் மேல் ஒரே ஒரு கோடு. கீழே இருப்பது வாசிக்கும்படி இருக்க வேண்டும். பக்கத்தில் சரியானது, எழுதியவர் கையெழுத்து, அன்றைய தேதி. மாமிக்கு அது பிடிக்கவில்லை. தப்பு தெரியத்தான் செய்யும், தெரியட்டும் என்றுதான் இந்த முறை என்று விளக்கினேன். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஒவ்வொரு சுகத்தின் மேலும் கோடு போட்டார். கர்த்தர் கிருபை என்ற இடத்தில் மட்டும் கோடு போட மாட்டேன் என்று அடம் பிடித்தார். அதை விட்டுவிடுங்கள், அதில் தப்பு இல்லை என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

பிறகு மாமாவே ஆட்டோ பிடித்து வந்தார். மூன்று பேருமாக எட்டு வீட்டுக்கும் போனோம். ஒவ்வொரு வீட்டிலும் மாமி உள்ளே போய்ப் பத்து நிமிஷம் பேசுவார், பிறகு என்னைக் கூப்பிடுவார். ஒருத்தி இரண்டு நாள் படுக்கையிலேயே கிடந்திருக்கிறாள். மூன்று பேருக்குக் காய்ச்சல். ஒருத்திக்கு நிஜமாகவே ஒன்றும் இல்லை, அவளோ தனக்கு மட்டும் ஒன்றும் எழுத இல்லையே என்று வருத்தப்பட்டாள். மற்றவர்களுக்குக் கை வலி. காலண்டரில் குறித்தவள் எங்கள் மாமி ஒருத்திதான், மற்ற எட்டும் நினைவிலிருந்து சொன்னவை. அதையும் அப்படியே எழுதி அனுப்பினேன்.

டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். போனில் கேட்டால் போதும் என்று நினைத்தாயா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். யாரையும் நீக்கவில்லை. திங்கட்கிழமை ஊசி தள்ளிப் போனது. இரண்டு வாரம் கழித்து, மூத்தவர்களுக்கு அளவைக் குறைத்துப் போட்டால் போதும் என்று மேலேயிருந்து தகவல் வந்தது. எங்கள் ஒன்பது அட்டையாலா, வேறு ஊர் அட்டைகளும் சேர்ந்தா, எனக்குத் தெரியாது. யாரும் எங்களுக்குச் சொல்லவும் மாட்டார்கள். ஜான்ரோஸ் மாமா குறைந்த அளவில் போட்டுக்கொண்டார். இரண்டு நாள் நூறு டிகிரி. கை வலி. அதோடு மூக்கடைப்பு, வாயில் கசப்பு, மீன் குழம்பில் ருசியில்லை என்று அட்டையில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினார். குழம்பைப் பற்றி எழுதியதை மாமி கண்டுபிடித்து, அதன் மேல் ஒரு கோடு போடச் சொல்லி அவரோடு சண்டை போட்டாராம்.

ஆறு மாதம் கழித்து கடைசி வருகை. கார்த்திகைக் குளிர், மாமி பழுப்பு ஜாக்கெட்டையே போட்டுக்கொண்டு வந்திருந்தார். இரத்தம் எடுத்து முடித்ததும் கடைசிப் படிவத்தைக் கொடுத்தேன். இந்த ஆறு மாதத்தில் உடம்பில் ஏற்பட்ட தொந்தரவு எதுவானாலும் எழுதலாம். என்ன தொந்தரவு, தொடங்கிய நாள், முடிந்த நாள், மூன்று கட்டம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். அவசரப்படுத்தவில்லை நான். அடுத்த ஆள் காத்திருந்தாள், காத்திருக்கட்டும்.

எழுதிக் கொடுத்தார். வாங்கி வாசித்தேன்.

தொந்தரவு: பத்து விரலும் எரிச்சல், குளிர் வந்தால் அதிகம். தொடங்கிய நாள்: 1976 ஆனி, அண்டி ஆபீசுக்குப் போன மாசம். முடிந்த நாள் கட்டத்தில் ஒன்றும் இல்லை.

டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் மாமியின் கைகளை விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோல் மருத்துவரிடம் காட்டச் சீட்டு எழுதினார், முன்பே சொல்லியிருக்கலாமே என்றும் சொன்னார். யாரும் கேட்கவில்லை என்று மாமி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சேரும்போது கேட்டு "இல்லை" என்று குறித்தவள் நான்தான், எனக்கு முகம் சிவந்தது. டாக்டர் போன பிறகு படிவத்தைக் கணினியில் ஏற்றினேன். உடனே சிவப்பில் ஒரு கட்டம் வந்து நின்றது. தொடங்கிய நாள் ஆராய்ச்சி தொடங்கிய நாளுக்கு முந்தியது, பிழையா என்று சரிபார்க்கவும்.

மாமி எட்டிப் பார்த்தார். சிவப்பைக் கண்டதும் அவர் முகம் விழுந்துவிட்டது. "தப்பாப் போச்சா? கொண்டா, ஒரு கோடு போட்டுத் தாரேன். முறைதான் தெரியுமே" என்று பேனாவுக்குக் கை நீட்டினார்.

பேனாவை எடுத்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். "போடாதீங்க மாமி" என்றேன். பிழை இல்லை என்று தட்டினேன். முடிந்த நாளைக் கேட்டது. இன்னும் இருக்கிறது என்று தட்டினேன். கட்டம் மறைந்தது.